ஏக்கமானி

தொழிற்கலைப் பாடத்தை ஒழித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே தொழிற்கலை ஆசிரியர் நம்முடைய முறம் சார்தான். மற்ற பள்ளிகளில் இருந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள். ஒருவர் ரம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றுகூடக் கேள்வி. முறம் சாருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவருக்குத் தகரத்தைக் கண்டாலே ஆகாது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடம் அழுகிற அளவுக்கு ஒன்றும் பெரிய பாடமில்லை. எட்டாம் வகுப்பில் தகரத்தில் ஒரு குப்பை முறம். ஒன்பதாம் வகுப்பில் தகரத்தில் இன்னொரு குப்பை முறம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், ஒன்பதாம் வகுப்பு முறத்துக்குக் கைப்பிடி உண்டு. பள்ளிக்கூடம் இருந்த ஊரில் மூன்று பிள்ளைகள் படித்த வீட்டில் ஆறு முறம் இருக்கும். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள், கோழிக்குத் தீனி வைத்தார்கள். இதை வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுத்ததற்காகப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் முறம் சார். ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. மனைவி இன்னொரு ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் போய் இறங்கலாம். பெண் குழந்தை அங்கேதான் பிறந்தது, அங்கேதான் வளர்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான். குழந்தைக்கு இரண்டரை வயதான சமயத்தில் ஒருமுறை போயிருந்தபோது, இவர் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்திருக்கிறார், அது இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவின் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்றது. மனைவி சிரித்துவிட்டாள். இவரும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. அதன் மனதில் அப்பா என்றால் போன் என்று உறைந்துபோவதற்குள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவுகட்டி, மாறுதலுக்கு எழுதிப் போட்டார்.

பாடம் ஒழிந்ததால் ஆள் உபரி. உபரி ஆளுக்குக் கேட்ட ஊர் கிடைத்தது. மனைவி இருக்கும் ஊரில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். ஆர்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாள் ரொம்ப நல்லவர். யாருக்கும் எதையும் இல்லையென்று சொன்னது கிடையாது. கொடுத்ததும் கிடையாது.

"சந்தோஷம் சார். போயிட்டு வாங்க, குழந்தையைப் பாருங்க. ஆனா புதுப் பாடம் ஆரம்பிக்கிற நேரம் பாருங்க. ஆள் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது? கண்காட்சி முடியட்டும். முடிஞ்ச மறுநாளே உங்களை விடுவிச்சுடறேன்."

"எந்தக் கண்காட்சி மேடம்?"

"அது தெரியலை. புதுப் பாடம்னா கண்காட்சி இல்லாமலா இருக்கும்."

இப்படித்தான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

புதுப் பாடத்தின் பெயர் தொழில்நுட்பக் கல்வி. ஒரே வாரத்தில் பட்டறையிலிருந்து பட்டறைச்சாமான் அத்தனையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தகரம் வெட்டும் கத்திரி போயிற்று, பட்டடைக்கல் போயிற்று, சுத்தியல் போயிற்று. அவை இருந்த இடத்தில் பச்சைக் கம்பளம், வட்ட மேசைகள், சாய்ந்து உட்காரத் தலையணைகள். சுவரில் ஆள் உயரத்துக்கு 'யோசி' என்று எழுதினார்கள். எழுத வந்த பெயின்டர், "இவ்வளவு பெரிசா எழுதினா பயந்துக்குவாங்களே சார்" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

வட்டாரத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரைப் போட்டிருந்தார்கள். புது ஆளில்லை. போன வருஷம்வரை தொழிற்கலை ஆய்வாளராக வந்து, ஒவ்வொரு முறமாக எடுத்து விளிம்பில் விரலை ஓட்டி, "கூர் இருக்கு" என்று மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து முறம் என்ற சொல்லையே அவர் வாயில் கேட்க முடியவில்லை. ஆசிரியர்களைக் கம்பளத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குப் பொருள் செய்யக் கத்துக்கொடுத்தோம். எவ்வளவு பெரிய தப்பு. பொருளைக் கடையில வாங்கிக்கலாம். பிரச்சினையைக் கடையில வாங்க முடியுமா? அதனால இனிமே பிரச்சினையில இருந்துதான் ஆரம்பிக்கணும். பிரச்சினையைக் கண்டுபிடி, ஆராய்ச்சி பண்ணு, யோசி, மாதிரி செய், மறுபடி யோசி. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆணி அடிச்சா அது தொழிற்கலை. ஆணியைப் பத்தி யோசிச்சா அது தொழில்நுட்பம்."

"யோசிச்சு முடிச்சதும் அடிக்கலாமா சார்?" என்று கேட்டார் முறம் சார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடிச்சிட்டா யோசனை நின்னுடுமே சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மற்ற ஆசிரியர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஆக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்காட்சியில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் முறம் சார் ஊருக்குப் போகலாம். அவர் பிள்ளைகளைவிட மும்முரமாகப் பிரச்சினை தேடினார்.

குழுவுக்குத் தலைமை ஒரு பெண். லீடர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எதையும் எடுத்தால் முடிக்காமல் விடமாட்டாள், அதுதான் அவளிடம் இருந்த ஒரே குறை. முதலில் அவள் கொண்டுவந்தது தண்ணீர்க் குழாய். கழிப்பறைக்குப் பக்கத்துக் குழாய் ஒழுகுகிறது. ஒருங்கிணைப்பாளர் போய் நின்று பார்த்தார்.

"இது வாஷர் மாத்தினா நின்னுடும் போலிருக்கே?"

"ஆமா சார், நானே மாத்திடுவேன்" என்றாள் லீடர்.

"அப்ப இதுல தொழில்நுட்பம் எங்கம்மா இருக்கு? பிரச்சினைன்னா அது சுலபத்துல தீரக்கூடாது. ஆழமா இருக்கணும்."

குழாய் இன்றைக்கும் ஒழுகுகிறது. அடுத்து, சாத்தாத ஜன்னல். அதற்கும் ஒரு திருகாணி போதும் என்று தெரிந்ததும் ஒருங்கிணைப்பாளருக்கு முகம் வாடிவிட்டது. பெரிய மேடம் முறம் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல பிரச்சினையா பாருங்க சார், நீங்களும் ஊருக்குப் போகணுமில்ல" என்று கவலைப்பட்டார்.

அன்று மதிய இடைவேளையில் முறம் சார் அந்தக் கம்பள அறையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினார். குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "பாப்பா, அப்பா பேசறேன்டா. என்ன சாப்பிட்ட? பேசு கண்ணு. ஒரு வார்த்தை பேசு." அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு போன் கீழே விழுகிற சத்தம். அறையில் யாருமில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம் தலையணைகளில் சாய்ந்தபடி லீடரும் குழுவும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் லீடர் கையைத் தூக்கினாள்.

"சார், பிரச்சினை கிடைச்சிருச்சு. உங்க பாப்பா சார்."

"பாப்பா என்ன பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலை சார். உங்களால ஊருக்குப் போக முடியலைல்ல, அதுதான்."

அந்த இடத்தில் முறம் சார் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கணக்கு வேறாக இருந்தது. கண்காட்சிக்குப் பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் வருவார்கள். ஓர் ஆசிரியர் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து தவிக்கிறார் என்று பிள்ளைகளே எழுதி மாட்டினால், யாராவது ஒருவருக்கு மனசு இளகாதா? ஒரு கையெழுத்து விழாதா? இப்படி யோசித்து, "நல்ல பிரச்சினைதான், எடுத்துக்கோங்க" என்று தன் வாயாலேயே சொன்னார். சுவரில் யோசி என்று எழுதிப் போட்டிருந்ததன் பலன் அது.

ஒருங்கிணைப்பாளர் துள்ளிக் குதிக்காத குறை. "மனுஷனை நடுவுல வெச்ச பிரச்சினை சார் இது. இப்படி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். தீருமா?"

"பெரிய மேடம் ஒரு கையெழுத்துப் போட்டா தீரும் சார்" என்றார் முறம் சார்.

"அந்தப் பக்கமே போகாதீங்க. அது நிர்வாகம். நாம தொழில்நுட்பம்."

ஆராய்ச்சி தொடங்கியது. பிள்ளைகள் அவரை நடுவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். வாரத்தில் எத்தனை தடவை அழுவீங்க சார்? தனியாகவா, ஆள் இருக்கும்போதா? சாப்பிடும்போது நினைப்பு வருமா, சாப்பிட்ட பிறகா? அவர் முடிந்தவரை சரியாகச் சொன்னார். மனைவியிடம் போனில் கேட்டபோது அந்த அம்மாள், "அவர் எப்ப வர்றாருன்னு நீ கேட்டு எனக்குச் சொல்லு. என்னைக் கேள்வி கேக்காத" என்று வெட்டிவிட்டு, "சாப்பிட்டாராமா?" என்று கேட்டாள். லீடர் அதையும் எழுதிக்கொண்டாள். அட்டையில் இரண்டு ஊர் செய்து, நடுவே நூல் கட்டி, ஓர் ஊரில் பெரிய பொம்மையையும் இன்னோர் ஊரில் நடுத்தரப் பொம்மை ஒன்றையும் குட்டிப் பொம்மை ஒன்றையும் வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பள்ளி அளவில் முதல் பரிசு.

மறுநாள் காலை முறம் சார் பெட்டி படுக்கையோடு பெரிய மேடம் அறைக்குப் போனார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" மேடம் நிஜமாகவே பதறிவிட்டார். "முதல் பரிசு வாங்கிட்டோம். வட்டாரக் கண்காட்சிக்குப் போறோம். அங்க ஒரு விதி இருக்காம், நடுவர் வர்ற அன்னைக்குப் பிரச்சினை உயிரோட இருக்கணும். நீங்க போயிட்டா பிள்ளைங்க எதைக் காட்டுவாங்க? அட்டைப் பொம்மையையா?"

"கண்காட்சி முடிஞ்சதும் விடறேன்னீங்களே மேடம்."

"முடியலையே சார். ஜெயிச்சுட்டோமே."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். வேலையை உதறிவிட்டு ஓடலாம்தான். ஓடிப்போய் என்ன செய்வது? முறம் செய்கிறவனை எவன் வேலைக்கு வைப்பான்? யாராவது கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். எல்லோரும் தோளில் கைவைத்துப் பேசினால் மனிதன் என்னதான் செய்ய முடியும்.

வட்டார அளவுக்குப் பிரச்சினை மட்டும் போதாது, தீர்வும் வேண்டுமாம். பிள்ளைகள் பல நாள் யோசித்தார்கள். கடைசியில் ஒருங்கிணைப்பாளரே ஒரு பெட்டியை வரவழைத்தார். உள்ளே கையில் கட்டுகிற ஒரு கறுப்புப் பட்டை. நாடித்துடிப்பைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். ஓடுகிறவர்கள் கட்டிக்கொள்வதற்காக எந்தத் தேசத்திலோ செய்தது. அதன்மேல் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டுப் பிள்ளைகள் 'ஏக்கமானி' என்று ஒட்டினார்கள். சாருக்கு ஏக்கம் இல்லையென்றால் பச்சை. கொஞ்சம் இருந்தால் மஞ்சள். தாங்க முடியாவிட்டால் சிவப்பு. பெரிய மேடம் அறையிலும் ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்திலும் திரை வைத்து, அங்கேயும் அதே நிறம் தெரியும்படி செய்தார்கள்.

"இது எப்படி சார் தீர்வு ஆகும்?" என்று முறம் சார் கேட்டார்.

"முன்னாடி உங்க கஷ்டம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப எங்க எல்லாருக்கும் தெரியுது. இதைவிட என்ன சார் தீர்வு?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மாடிப்படி ஏறினாலும் அது சிவக்கிறது என்பதை முறம் சார் இரண்டாம் நாளே கண்டுபிடித்துச் சொன்னார். படி ஏறும்போது உங்களுக்கு வீட்டு நினைப்பு வருகிறது என்று குழு எழுதிக்கொண்டது. அந்த மாதம் வழக்கம்போல ஊருக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தால் ஆசிரியர் அறையே துக்கவீடு மாதிரி இருக்கிறது. லீடர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ரெண்டு நாளும் பச்சை சார். கிராஃப் அப்படியே விழுந்துடுச்சு."

அத்தோடு மாதம் ஒருமுறை போய்வருவதும் போயிற்று. சனி ஞாயிறு சிறப்பு வகுப்பு போட்டார்கள். லீவு கேட்டால், லீவு தற்காலிகத் தீர்வு, தற்காலிகத் தீர்வு ஆராய்ச்சியைக் கெடுக்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். விளக்கு சிவந்தது, சிவந்தபடியே இருந்தது. காலையில் பெரிய மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் சிவப்புதான் சார், ரொம்ப நல்லா வருது" என்று உற்சாகப்படுத்துவார்.

வட்டாரக் கண்காட்சியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மார்பில் ஓர் அட்டை: 'பிரச்சினை'. ஜனங்கள் வந்து அட்டைப் பொம்மையைப் பார்ப்பார்கள், பிறகு இவரைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி பொம்மையைப் பார்த்து, "அச்சு அசலா செஞ்சிருக்காங்க" என்பார்கள். ஓர் அம்மாள், "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பிரச்சினையிடம் பேசலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து லீடரைப் பார்த்தாள். நடுவர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கைப்பட்டையைத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பிரச்சினை அடுத்த சுற்று வரைக்கும் தாங்குமா?" என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்.

"தாங்கும் சார். நல்ல ஆரோக்கியமான பிரச்சினை."

சாயங்காலம் இயக்குநர் வந்தார். துறைக்கே பெரியவர், நினைத்தால் அந்த நிமிஷமே விடுவிக்கக்கூடியவர். இதற்காகத்தானே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது? முறம் சார் நாற்காலியை விட்டு எழுந்து, கைகூப்பி, சட்டைப்பையில் மடித்து மடித்து நைந்துபோன ஆர்டரை நீட்டினார்.

"ஐயா, எனக்கு மாறுதல் ஆகி மாசக்கணக்காச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நான் இன்னைக்கே என் குழந்தைகிட்ட போயிடுவேன்."

இயக்குநர் ஆர்டரை வாங்கி வரிவரியாகப் படித்தார். அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

"பார்த்தீங்களா? இதுதான் பழைய சிந்தனை. என் பேனாவுல ஒரு கையெழுத்து இருக்கு, மறுக்கலை. இதோ இப்பவே போட முடியும். போட்டா என்ன ஆகும்? இவர் கஷ்டம் ஒரு நொடியில தீர்ந்துடும். அப்புறம்? இந்தக் குழந்தைங்க மாசக்கணக்கா உழைச்சதுக்கு என்ன அர்த்தம்? நாங்க அதிகாரிங்க பிரச்சினையைத் தீர்க்கிறதுக்கு இங்க உட்காரலை. பிரச்சினைகளைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைகிட்ட ஒப்படைக்கத்தான் உட்கார்ந்திருக்கோம்."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. ஆர்டர் பத்திரமாக முறம் சாரிடம் திரும்பி வந்தது. எல்லோரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று அவரும் தட்டினார். முதல் பரிசு. அடுத்தது தேசிய அளவு.

அன்று ராத்திரி போனில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்களும் கைதட்டினீங்களா?"

"எல்லாரும் தட்டினாங்கம்மா."

"சரிதான். நீங்க அங்கேயே சிவப்பு லைட்டு எரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருங்க. பாப்பா இப்பல்லாம் போனையும் கேக்கறதில்லை, தெரியுமா? எடுத்துக் கொடுத்தா தள்ளி விடுது. இனிமே உங்களை நம்பிப் பிரயோசனமில்லை. நானே மாத்திக்கிட்டு வர்றேன்."

ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இன்னும் யாரும் யோசிக்க ஆரம்பித்திருக்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள். முறம் சார் இருந்த ஊரில் நர்ஸுக்கு இடம் காலியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருமுறை மாறினால் இரண்டு வருஷத்துக்கு அசையக்கூடாது என்று மட்டும் நிபந்தனை. "அசையறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினாள்.

முறம் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடகைக்கு இரண்டு அறை பிடித்தார். குழந்தை தட்டிவிடாத உயரத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். வந்து இறங்கிய அன்று குழந்தை அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த ஆள் எப்போது போவான் என்கிற மாதிரி பார்த்தது. அவர் அவசரப்படவில்லை. மறுநாள் கடைக்குக் கூட்டிப்போனார். தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி வந்தது. குழந்தை சட்டென்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. லாரி போன பிறகும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தான் பாதி தின்ற பிஸ்கட்டை அவர் வாயருகே நீட்டியது. அவர் வாங்கிக்கொண்டார். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கையில் விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அதைப் பார்க்க மறந்திருந்தார்.

அவர் மறந்தால் என்ன, இரண்டு திரைகள் மறக்கவில்லை. மறுநாள் காலை பெரிய மேடம் அறையில் ஒருங்கிணைப்பாளர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு சார் சந்தோஷப்பட்டீங்க?"

"என் வீட்டுல வந்துட்டாங்க சார்."

"அதுதான் கேக்கறேன். தேசியக் கண்காட்சி வரப்போகுது. இயக்குநரே கூட வர்றார். இப்ப நான் எந்தப் பிரச்சினையைக் கூட்டிக்கிட்டுப் போறது? பச்சை லைட்டைக் கட்டிக்கிட்டு நீங்க மேடையில வந்து சிரிச்சா, நம்ம நாட்டுத் தொழில்நுட்பக் கல்வியைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பெரிய மேடம்தான் வழி கண்டுபிடித்தார். ரொம்ப நல்லவர் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முறம் சாரின் விடுவிப்பு ஆணை. அப்போதே தட்டச்சு செய்து வைத்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவைத் திறந்து, அழகாக, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தாங்க சார். இன்னைக்கு மத்தியானத்தோட உங்களை விடுவிச்சாச்சு. நாளைக்கு அந்த ஊர் ஸ்கூல்ல சேர்ந்துடணும். நீங்க கேட்டதுதானே."

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். "மேடம், அவங்க இங்க வந்துட்டாங்களே. நான் அங்க போய் என்ன பண்றது?"

"ஆர்டர்ல உங்க மனைவி எங்க இருக்கணும்னு ஒண்ணும் போடலையே சார்."

"எனக்கு மாறுதல் வேண்டாம் மேடம். எழுதிக் கொடுத்துடறேன்."

"விடுவிச்ச பிறகு நீங்க எங்க ஊழியரே இல்லையே. உங்ககிட்ட நான் எப்படி மனு வாங்கறது?"

ஒருங்கிணைப்பாளரின் முகம் தெளிந்துவிட்டது. எழுந்துவந்து முறம் சாரின் தோளில் கைவைத்தார். "பிரச்சினை அதே பிரச்சினைதான் சார், ஒரு மாத்தமும் இல்லை. திசைதான் மாறியிருக்கு." லீடர் கதவருகே நின்றிருந்தாள். அவள் அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தாள் பாவம். "கவலைப்படாதீங்க சார். மாதிரியைப் புதுசா செய்ய வேண்டியதில்லை. பொம்மையைத்தான் இடம் மாத்தணும். மாத்திட்டோம்."

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் வந்தார்கள். மனைவி அன்று காலைதான் புது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள், யூனிபார்மோடு வந்து நின்றாள். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. அவர் மணிக்கட்டில் எரிந்த விளக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. பட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழற்றினார். அது பிடுங்கிக்கொண்டு வீறிட்டது. வேறு வழியில்லாமல் அதன் கையிலேயே சுற்றிக் கட்டினார். பச்சை விளக்கு எரிந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"கழட்டுங்க அதை" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். "குழந்தைகிட்டயே இருக்கட்டும். தேசிய அளவுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?"

மனைவி பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். குழந்தை மறுபடி வீறிட்டது. அவள் விட்டுவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். முறம் சார் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பஸ் நகர்ந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருங்கிணைப்பாளர், பெரிய மேடம், லீடர், குழு அத்தனை பேரும் குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். "இப்ப மாறும் பாருங்க" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னது காதில் விழுந்தது. முறம் சாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதையேதான் பார்த்தார். அது வெறும் நாடித்துடிப்புப் பட்டை, படி ஏறினால் சிவக்கும், உட்கார்ந்தால் பச்சையாகும் என்று அவருக்குத் தெரியாதா? எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அது சிவக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சிவப்புக்கூட வேண்டாம், ஒரு மஞ்சள் வந்தால் போதும் என்று இருந்தது.

குழந்தை கையை உயர்த்தி வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தது. ஒருங்கிணைப்பாளர் பட்டையைத் தட்டினார். லீடர் அதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். பஸ் திருப்பத்துக்கு வந்துவிட்டது. இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.